‘டெட்’ ஆன லைன்

(மைசூரில் ஒரு தொடர்கல்வி வாசிப்பு வட்டத்தில் தொண்டர் ஒருவர் பேசியது)



இன்று ஒரு சின்னச் சொல்லைப் பற்றிப் பேசப் போகிறோம். அந்தச் சொல் ‘டெட்’. இங்கிலீஷ் சொல்தான். ஆனாலும் வீட்டில் டெலிபோன் வைத்திருந்த எல்லோருக்கும் இது தெரியும். போனை எடுத்துக் காதில் வைக்கிறோம். சத்தமே இல்லை. உடனே என்ன சொல்கிறோம்? “லைன் டெட் ஆகிவிட்டது” என்கிறோம். டெட் என்றால் செத்துப் போனது என்று பொருள்.

புகார் கொடுக்கிறோம். சரி செய்ய ஒருவர் வருகிறார். அவர் பையில் ஒரு டெஸ்ட் போன் இருக்கிறது. ஒரு மீட்டர் இருக்கிறது. ஏணியைச் சாய்த்துக் கம்பத்தில் ஏறுகிறார். செத்த லைன்தானே என்று நினைக்கிறார். டெஸ்ட் போனின் இரண்டு கிளிப்புகளையும் கம்பியில் மாட்டுகிறார். ‘பட்’ என்று ஒரு சத்தம். டெஸ்ட் போனில் இருந்து புகை வருகிறது.

கருவி எரிந்தால் சில நாள் கூலி போயிற்று. அதோடு போனால் நல்ல காலம். கருவியைப் பிடித்திருந்த கை என்ன ஆகும்? ஏணியின் உச்சியில் நிற்கிற ஆள் என்ன ஆவார்?

செத்த லைனுக்கு இவ்வளவு சக்தி எங்கிருந்து வந்தது? இதுதான் இன்று நாம் தெரிந்துகொள்ள வேண்டியது.

நம் வட்டத்தில் கேபிள் பள்ளம் தோண்டுகிறவர்கள் இருக்கிறீர்கள். கம்பம் ஏறுகிறவர்கள் இருக்கிறீர்கள். லைன்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும் இங்கே வருகிறார். நான் சொல்லப் போவதில் பாதி அவர் எனக்குச் சொல்லித் தந்தது. மீதிப் பாதி நான் புத்தகத்தில் படித்தது. இரண்டும் ஒத்துப் போகும் இடங்களை மட்டும்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் நல்ல லைன் எப்படி இருக்கும் என்று பார்ப்போம்.

டெலிபோனுக்கு இரண்டு செம்புக் கம்பிகள் வருகின்றன. அவை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து வருகின்றன. எக்ஸ்சேஞ்சில் பெரிய பெரிய பேட்டரிகள் உண்டு. அந்தப் பேட்டரியில் இருந்து 48 வோல்ட் மின்சாரம் இந்தக் கம்பியில் எப்போதும் இருக்கும். வீட்டில் கரண்ட் போனாலும் பழைய டெலிபோன் வேலை செய்தது நினைவிருக்கிறதா? காரணம் இதுதான். அதற்கு வேண்டிய மின்சாரம் கம்பி வழியாகவே வந்துகொண்டிருந்தது.

போனைக் கையில் எடுத்தால் இந்த 48 வோல்ட் குறைந்துவிடும். ஏறக்குறைய 10 வோல்ட் அளவுக்கு வந்துவிடும். மணி அடிக்கும்போது வேறு வகை மின்சாரம் வரும். அது சுமார் 75 வோல்ட். அப்போது ஈரக் கையால் கம்பியைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கும். மணி நின்றால் அதுவும் நின்றுவிடும்.

நம் வீட்டு பிளக்கில் இருப்பது எவ்வளவு? 230 வோல்ட். தெருவில் உயரமான கம்பத்தில், பெரிய பீங்கான்களின் மேல் போகும் கம்பியில் எவ்வளவு? 11,000 வோல்ட். இதை 11 கே.வி. என்று எழுதுவார்கள். 48, 230, 11,000. இந்த மூன்று எண்களையும் உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். டெஸ்ட் போன் முதல் எண்ணுக்காகச் செய்யப்பட்டது. இரண்டாவது எண் வந்தால் எரியும். மூன்றாவது எண் வந்தால் கருவியும் இருக்காது, ஆளும் இருக்க மாட்டார்.

டெலிபோன் கம்பிக்கும் கரண்ட் கம்பிக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். நம் தெருவில் அண்ணாந்து பாருங்கள். மின்சாரக் கம்பத்திலேயே டெலிபோன் கம்பி, கேபிள் டி.வி. கம்பி, இன்டர்நெட் கம்பி எல்லாம் தொங்குகின்றன. ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கின்றன.

மைசூர் மின்சாரத்துக்குப் பழைய ஊர். காவிரியில் சிவனசமுத்திரம் அருவி இருக்கிறது அல்லவா? 1902-ஆம் ஆண்டில் அங்கே மின்சாரம் எடுத்தார்கள். அதைச் சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பியில் கொண்டுபோய்க் கோலார் தங்க வயலுக்குக் கொடுத்தார்கள். அந்தச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களில் நம் தமிழ் ஜனங்கள் ஏராளம். மைசூர் நகருக்கு 1908-இல் மின்சாரம் வந்தது. ஆக, நூறு வருஷத்துக்கு மேலாக இந்த ஊரில் கரண்ட் கம்பிகள் ஓடுகின்றன. நிழலுக்காக நட்ட மரங்களும் தெருவெல்லாம் உண்டு. கம்பியும் மரமும் சேர்ந்த இடத்தில்தான் வம்பு.

சித்திரை, வைகாசியில் சாயங்கால மழை எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் காற்று. பிறகு இடி. பிறகு மழை. காற்றில் ஒரு கிளை ஆடுகிறது. டெலிபோன் கம்பியின் மேல் உறை பிளாஸ்டிக்தான். கிளை நாள் முழுவதும் தேய்த்தால் உறை கிழிந்துவிடும். கரண்ட் கம்பி தொய்ந்து அதன் மேல் விழும். செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொள்ளும். அவ்வளவுதான். டெலிபோன் கம்பியில் 230 வோல்ட் ஏறிவிட்டது.

இப்போது எக்ஸ்சேஞ்சில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கம்பிகள் எல்லாம் எக்ஸ்சேஞ்சுக்குள் நுழையும் இடத்தில் ஒரு பெரிய இரும்புச் சட்டம் இருக்கும். எம்.டி.எஃப். என்று சொல்வார்கள். அதில் ஒவ்வொரு லைனுக்கும் காவல் உண்டு. ஒன்று ஃபியூஸ். இன்னொன்று வாயுக் குழாய்.

வாயுக் குழாய் என்பது சுண்டு விரல் நுனி அளவே இருக்கும் சின்னப் பொருள். உள்ளே வாயு அடைத்திருக்கும். சாதாரண நாளில் அது மின்சாரத்தை விடாது. மின்சாரம் அளவுக்கு மேல் ஏறினால் வழி திறந்துவிடும். அதிகப்படியான மின்சாரத்தை எர்த்துக்கு, அதாவது மண்ணுக்கு அனுப்பிவிடும்.

கே.ஆர்.எஸ். அணையை நினைத்துப் பாருங்கள். 124.80 அடி வரை தண்ணீர் நிற்கலாம். அந்த அளவை எட்டியதும் வருகிற வெள்ளத்தை மதகைத் திறந்து ஆற்றில் விடுகிறார்கள். விடாவிட்டால் அணைக்கே ஆபத்து. வாயுக் குழாயும் ஒரு மதகுதான். எர்த் என்பதுதான் ஆறு. மதகு இருந்து ஆறு இல்லாவிட்டால் தண்ணீர் எங்கே போகும்? எர்த் கம்பி அறுந்து கிடந்தாலோ, எர்த் குழி காய்ந்து கிடந்தாலோ குழாய் இருந்தும் பயன் இல்லை. கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வது இதனால்தான். சிலர் அதைக் கிண்டல் செய்கிறார்கள். செடியா வைத்திருக்கிறோம், தண்ணீர் ஊற்ற என்கிறார்கள். ஈரம் இல்லாத மண் மின்சாரத்தை வாங்காது.

சரி, கதைக்கு வருவோம். 230 வோல்ட் எக்ஸ்சேஞ்சை நோக்கி ஓடி வந்தது. ஃபியூஸ் எரிந்தது. எக்ஸ்சேஞ்சு தப்பித்தது. ஃபியூஸ் எரிந்ததால் அந்த லைனுக்கு 48 வோல்ட் போகவில்லை. வீட்டில் போன் எடுத்தால் சத்தம் இல்லை. வீட்டுக்காரர் என்ன சொல்வார்? “லைன் டெட்.”

கவனியுங்கள். எக்ஸ்சேஞ்சு பக்கம்தான் அறுந்தது. தெருப் பக்கம் கம்பி அப்படியே இருக்கிறது. அதன் மேல் கரண்ட் கம்பி இன்னும் கிடக்கிறது. 230 வோல்ட் இன்னும் அதில் இருக்கிறது. லைன் ஏன் செத்ததோ, அந்தக் காரணமே அங்கே காத்துக்கொண்டிருக்கிறது. புகாரைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் நேராக அதனிடம் போகிறீர்கள்.

எல்லா ‘டெட்’ லைனும் இப்படி அல்ல. பத்தில் எட்டு ஒன்பது, கம்பி அறுந்தது, ஜாயின்ட்டில் தண்ணீர் புகுந்தது, எலி கடித்தது என்றுதான் இருக்கும் என்று பெரியவர் சொல்கிறார். அதனால்தான் ஆளுக்குத் தைரியம் வந்துவிடுகிறது. ஐம்பது தடவை ஒன்றும் ஆகவில்லை, ஐம்பத்தோராவது தடவையும் ஆகாது என்று தோன்றிவிடுகிறது. எந்தத் தடவை எது என்று கம்பியைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 1-இல் பி.எஸ்.என்.எல். நிறுவனம் ஏற்பட்டது. அதற்கு முன் இது அரசாங்கத்தின் துறையாகவே இருந்தது. புதிதாக வந்த ஆள் பழைய லைன்மேனோடு பல மாதம் அலைந்து வேலை கற்றுக்கொள்வார். 2020-ஆம் ஆண்டு ஜனவரி 31-இல் பி.எஸ்.என்.எல்.லில் இருந்து சுமார் 78,000 பேர் விருப்ப ஓய்வில் போனார்கள். நாடு முழுவதும் ஒரே நாளில். அவர்கள் கையில் இருந்த அறிவும் அவர்களோடு வீட்டுக்குப் போய்விட்டது. இப்போது இந்த வேலையில் பெரும்பகுதியை ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள் செய்கிறார்கள். நம்மில் பலரும் அப்படித்தான். டெஸ்ட் போனைச் சொந்தக் காசில் வாங்கியவர்களும் இங்கே இருக்கிறீர்கள். எரிந்தால் அதைத் திரும்ப வாங்கித் தருவது யார்? யாரும் இல்லை. அதனால்தான் கருவியைக் காப்பது பற்றி இவ்வளவு பேசுகிறேன். கருவி தப்பினால் பெரும்பாலும் ஆளும் தப்பிவிடுவார்.

இனி எப்படிக் காப்பது என்று பார்ப்போம்.

முதல் கருவி கண். பையைத் திறக்காதீர்கள். ஏணியைச் சாய்க்காதீர்கள். கீழே நின்றபடி டெலிபோன் கம்பி போகும் வழியைக் கடைசி வரை பாருங்கள். வீட்டில் இருந்து கம்பம் வரை நடந்துகொண்டே பாருங்கள். எங்காவது கரண்ட் கம்பிக்கு அருகில் போகிறதா? கிளை ஒடிந்து தொங்குகிறதா? பிளாஸ்டிக் உறை உருகியோ கருகியோ இருக்கிறதா? நேற்று இங்கே காற்று அடித்ததா என்று டீக்கடையில் கேளுங்கள். பொறி பறந்ததைப் பார்த்தவர் யாராவது அங்கே இருப்பார்.

கம்பி கம்பியைத் தொடுவதைப் பார்த்துவிட்டால் அங்கே உங்கள் வேலை முடிந்தது. அது உங்கள் வேலை அல்ல, மின்சாரக் கழகத்தின் வேலை. மைசூரில் அது சாமுண்டேஸ்வரி மின்சாரக் கழகம். செஸ்க் என்று சொல்கிறோம். 1912 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அவர்கள் கரண்டை நிறுத்தி, கம்பியை விலக்கிய பிறகுதான் நீங்கள் ஏற வேண்டும். 11,000 வோல்ட் கம்பி என்றால் இன்னும் கவனம். அதை எந்த டெஸ்டராலும் எந்த மீட்டராலும் சோதிக்கப் போகாதீர்கள். பல மீட்டர்களில் 600 வோல்ட் என்று எழுதியிருக்கும். 600 எங்கே, 11,000 எங்கே? மீட்டர் கையிலேயே வெடிக்கும். கம்பி அறுந்து தரையில் கிடந்தால் பக்கத்தில் போகாதீர்கள். பத்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள். மற்றவர்களையும் தடுங்கள்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. இப்போது டெஸ்டர். பேனா மாதிரி ஒரு டெஸ்டர் இப்போது கடையில் கிடைக்கிறது. கம்பியைத் தொடாமலே பக்கத்தில் கொண்டுபோனால் கரண்ட் இருந்தால் விளக்கு எரியும், சத்தம் போடும். விலை சில நூறு ரூபாய்க்குள்தான். ஆனால் பேட்டரி தீர்ந்திருந்தால் அது சும்மா இருக்கும். சும்மா இருப்பதைப் பார்த்துக் கரண்ட் இல்லை என்று நம்பினால் மோசம் போவோம். ஆகவே மூன்று தடவை பார்க்க வேண்டும். முதலில் கரண்ட் இருக்கிறது என்று தெரிந்த ஒரு பிளக்கில் காட்டுங்கள். விளக்கு எரிகிறதா? சரி. அடுத்து லைனில் காட்டுங்கள். பிறகு மறுபடியும் அந்த பிளக்கில் காட்டுங்கள். நடுவில் பேட்டரி போகவில்லை என்று இப்போதுதான் நிச்சயம் ஆகும். நம்மவர்களுக்கு இந்த மூன்றாவது தடவையில்தான் சோம்பல்.

அதன் பிறகு மீட்டர். மீட்டரில் ஒரு வட்டமான திருகு இருக்கும். அதில் பல எழுத்துகள் இருக்கும். ‘வி’ என்ற இங்கிலீஷ் எழுத்து வோல்ட்டைக் குறிக்கும். அதன் பக்கத்தில் பாம்பு நெளிவது போல ஒரு கோடு இருந்தால் அது கரண்ட் கம்பியில் வரும் ஏ.சி. மின்சாரம். நேர்க்கோடு இருந்தால் பேட்டரி கொடுக்கும் டி.சி. மின்சாரம். குதிரை லாடம் போல ஓர் அடையாளம் இருக்கும். அது ஓம். கம்பி அறுந்திருக்கிறதா, சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க உதவும்.

திருகை முதலில் எங்கே வைப்பது? நெளிகோடு போட்ட வோல்ட்டில் வையுங்கள். அதிலும் எல்லாவற்றையும் விடப் பெரிய எண்ணில் வையுங்கள். இரண்டு கம்பிகளுக்கு இடையே பாருங்கள். பிறகு ஒரு கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே பாருங்கள். பிறகு மற்ற கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே பாருங்கள். கடைசி இரண்டையும் விட்டுவிடக் கூடாது. இரண்டு கம்பிகளின் மேலும் ஒரே கரண்ட் ஏறியிருந்தால் அவற்றுக்கு இடையே மீட்டர் ஒன்றும் காட்டாது. எர்த்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

50 வோல்ட்டுக்கு மேல் ஏ.சி. காட்டினால் கையை எடுங்கள். மணி அடிப்பதாக இருக்கலாமே என்று கேட்பீர்கள். மணி விட்டு விட்டு வரும். கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். கரண்ட் கம்பியில் இருந்து வந்தது அப்படியே நிற்கும். சில சமயம் மீட்டர் 20, 30 வோல்ட் காட்டும். நீளமான கேபிள் கரண்ட் லைனுக்குப் பக்கத்திலேயே வெகுதூரம் போனால், தொடாமலேயே கொஞ்சம் மின்சாரம் அதில் உண்டாகும். அது பல சமயம் தீங்கு செய்யாது. ஆனால் அது அதுதானா என்று நிச்சயமாகத் தெரியாத வரை டெஸ்ட் போனை மாட்டாதீர்கள். மேலே இருப்பவரைக் கேளுங்கள். கேட்பதில் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

மீட்டர் எப்படி எரிகிறது தெரியுமா? பெரும்பாலும் திருகு தப்பான இடத்தில் இருப்பதால்தான். வோல்ட்டில் வைத்தால் மீட்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது போல. மின்சாரம் உள்ளே வராது. ஆம்பியரில் வைத்தால் வாசல் கதவையே திறந்து வைப்பது போல. எல்லாம் உள்ளே புகுந்துவிடும். ஓமில் வைத்துவிட்டுக் கரண்ட் உள்ள கம்பியைத் தொட்டாலும் கேடுதான். நேற்று கம்பி அறுந்ததா என்று ஓமில் பார்த்திருப்போம். அப்படியே பையில் போட்டிருப்போம். இன்று எடுத்து நேராக லைனில் வைப்போம். முடிந்தது. ஆகவே வேலை முடிந்ததும் திருகை ‘ஆஃப்’ பக்கம் திருப்பி விடுங்கள். ஆஃப் இல்லாத மீட்டர் என்றால் பெரிய வோல்ட்டில் விடுங்கள். ஓமில் விடாதீர்கள்.

மீட்டருக்குள்ளும் ஒரு ஃபியூஸ் இருக்கிறது. அது போனால் அதே அளவு ஃபியூஸ்தான் போட வேண்டும். சிலர் கம்பித் துண்டைச் சுற்றி விடுகிறார்கள். சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுருட்டி வைத்ததையும் பெரியவர் பார்த்திருக்கிறாராம். காவல்காரனை அனுப்பிவிட்டு வைக்கோல் பொம்மையை நிறுத்தியது மாதிரி.

இப்போது டெஸ்ட் போன். கண்ணால் பார்த்தாயிற்று. டெஸ்டரால் பார்த்தாயிற்று. மீட்டரால் பார்த்தாயிற்று. இனி மாட்டலாம். டெஸ்ட் போனில் ஒரு சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் பேசுவதற்கு. இன்னொரு பக்கம் கேட்பதற்கு மட்டும். மாட்டும்போது கேட்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்போது லைனில் இருந்து மிகக் கொஞ்சம் மின்சாரமே கருவிக்குள் வரும். பேசும் பக்கத்தில் இருந்தால் கருவி லைனை இழுத்துக் குடிக்கும். கெட்ட மின்சாரம் இருந்தால் அதையும் சேர்த்துக் குடிக்கும். சத்தம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு பேசும் பக்கத்துக்குத் தள்ளுங்கள்.

கிளிப்பின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். கிழிந்த கிளிப்பைத் துணி சுற்றிப் பிடிக்காதீர்கள். துணி வேர்வையில் நனையும். கிளிப்பை மாட்டிவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். நீங்கள் இல்லாத பத்து நிமிஷத்தில் லைனில் எது வேண்டுமானாலும் வரலாம். மழையில் நனைந்த கருவியை உடனே லைனில் போடாதீர்கள். பேட்டரியைக் கழற்றி, துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். மூங்கில் ஏணி கரண்ட் கடத்தாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. காய்ந்த மூங்கிலுக்கு அது ஓரளவு பொருந்தும். நனைந்த மூங்கில் கடத்தும். அலுமினிய ஏணியைக் கரண்ட் கம்பி இருக்கும் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

மெக்கர் என்று ஒரு கருவி இருக்கிறது. நம்மில் இரண்டு பேர் அதைப் பயன்படுத்துகிறீர்கள். அது வேறு ஜாதி. மற்றக் கருவிகளுக்கு லைனால் ஆபத்து. மெக்கரால் லைனுக்கு ஆபத்து. கேபிளின் உறை நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, மெக்கர் தானே மின்சாரத்தை உண்டாக்கி அனுப்பும். 100, 250, 500 வோல்ட் என்று பல அளவுகள் உண்டு. கம்பியின் ஒரு முனையில் எக்ஸ்சேஞ்சு கார்டும் மறு முனையில் வீட்டு மோடமும் இருக்கும்போதே மெக்கரை அழுத்தினால் என்ன ஆகும்? இரண்டும் பலி. ஆகவே இரண்டு முனைகளையும் கழற்றிவிட்டுத்தான் மெக்கர் போட வேண்டும். சோதனை முடிந்த பிறகும் நீளமான கேபிளுக்குள் மின்சாரம் தேங்கி நிற்கும். இரண்டு கம்பிகளையும் எர்த்தோடு சேர்த்துத் தொட வைத்து அதை வடித்துவிட வேண்டும். வடிக்காமல் டெஸ்ட் போனை மாட்டினால், நாமே அனுப்பிய மின்சாரம் நம் கருவியையே அடிக்கும்.

பழைய கருவி இரும்பு மாதிரி இருந்தது, இப்போது வருவதெல்லாம் சீக்கிரம் போகிறது என்று பெரியவர் குறைப்படுவார். அதில் உண்மை இருக்கிறது. அந்தக் காலத்து எக்ஸ்சேஞ்சு இரும்பு, செம்புச் சுருள் என்று இயந்திரமாக இருந்தது. 1984-இல் சி-டாட் என்ற அரசு ஆராய்ச்சி மையம் தொடங்கியது. அவர்கள் கிராமங்களுக்காகச் செய்த முதல் மின்னணு எக்ஸ்சேஞ்சு 1986-இல் நம் கர்நாடகத்தின் கித்தூரில்தான் வைக்கப்பட்டது. அது முதல் எக்ஸ்சேஞ்சுகள் மின்னணுவுக்கு மாறிக்கொண்டே வந்தன. கருவிகளும் மாறின. மின்னணுச் சில்லு மிக நுட்பமானது. செம்புச் சுருள் தாங்கிய அடியை அது தாங்காது. ஆகவே நம் கவனமும் முன்னை விட அதிகமாக வேண்டியிருக்கிறது.

இடி மின்னல் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மின்னலுக்கு ஃபியூஸ், குழாய், ரப்பர் கையுறை எதுவும் பெரிதல்ல. அது நம் தலை மேல் விழ வேண்டும் என்பதும் இல்லை. எங்கோ வயலில் கம்பிக்குப் பக்கத்தில் விழுந்தாலும் கம்பி வழியாக ஓடி வரும். இங்கே வானம் வெளுத்திருக்கும். கையில் கிளிப் இருக்கும்.

இதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. மின்னலைக் கண்டதும் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். ஒரு எண்ணுக்கு ஒரு வினாடி. இடிச் சத்தம் ஒரு கிலோமீட்டர் வருவதற்கு சுமார் 3 வினாடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கிளிப்பைக் கழற்றி, இறங்கிவிடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழித்துத்தான் மறுபடி ஏற வேண்டும். மரத்தடியில் ஒதுங்காதீர்கள். செல்போன் வைத்திருப்பவர்கள் ‘தாமினி’ என்ற செயலியைப் போட்டுக்கொள்ளலாம். புனேயில் உள்ள வானிலை ஆராய்ச்சி நிறுவனம் செய்தது. உங்களைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் இருந்தால் காட்டும்.

மேஸ்திரி திட்டுவார், புகாரை இன்றே முடிக்கச் சொல்வார் என்கிறீர்கள். தெரியும். அவரிடம் இரண்டு வரி எழுதிக் காட்டுங்கள்: “மாலை 4 மணி. இடி. வேலை நிறுத்தினேன்.” தேதி போட்டு உங்கள் பெயரும் எழுதுங்கள். இரண்டு வருஷத்துக்கு முன் இதை எழுத நீங்கள் வேறு ஒருவரைத் தேட வேண்டியிருந்தது. இன்று உங்கள் கையாலேயே எழுதலாம்.

கம்பம் ஏறாத அக்காமார்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறீர்கள். உங்களிடம்தான் பெரிய உதவி கேட்கப் போகிறேன். புகார் கொடுக்கும்போது ‘லைன் டெட்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது நின்றது என்று சொல்லுங்கள். “ராத்திரி காற்றில் மரத்துக்கிட்ட பொறி பறந்தது.” “அந்த நேரம் வீட்டு பல்பும் மினுக்கியது.” “போனைத் தொட்டால் விர்ரென்று இருக்கிறது.” இப்படி ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் வருகிற ஆள் பையைத் திறக்கும் முன் நின்று யோசிப்பார். அவர் வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே இதை மறுபடியும் சொல்லுங்கள். புகாரை வாங்கி எழுதியவர் எழுதாமல் விட்டிருக்கலாம்.

டெலிபோன் கம்பியில் துணி காயப் போடாதீர்கள். கம்பிக்கொடியைக் கொண்டுபோய் அந்தக் கம்பத்தில் கட்டாதீர்கள். டெலிபோன் கம்பியையும் கரண்ட் வயரையும் ஒரே குழாயில் விடச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் சிக்கனம் பார்க்காதீர்கள். இடி இடிக்கும்போது கம்பி போட்ட போனில் பேசாதீர்கள், மோடத்தைக் கழற்றி வையுங்கள்.

கடைசியாக, இளவட்டங்கள் கேட்டது. “இப்போது எல்லாம் ஃபைபர் ஆகிவிட்டதே, செம்புக் கம்பியே போய்க்கொண்டிருக்கிறதே” என்கிறீர்கள். உண்மைதான். ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதில் ஒளிதான் ஓடுகிறது, மின்சாரம் ஓடாது. ஆனால் கம்பத்துக்குக் கம்பம் தொங்கவிடும் ஃபைபர் கேபிளில் கண்ணாடி இழை தனியாகவா தொங்குகிறது? பாரம் தாங்கப் பல கேபிள்களில் கூடவே ஓர் இரும்புக் கம்பி வைத்திருக்கிறார்கள். அது கரண்ட் கம்பியைத் தொட்டால் ஃபைபரும் பழைய டெலிபோன் கம்பி மாதிரிதான். செம்புக் கம்பியாவது எக்ஸ்சேஞ்சில் ஃபியூசை எரித்து லைனை டெட் ஆக்கும். ஃபைபரில் இரும்புக் கம்பி மேல் கரண்ட் ஏறினாலும் இன்டர்நெட் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு புகாரும் வராது. கேபிளைக் கையில் பிடித்து இழுக்கும்போதுதான் தெரியும். அதையும் பேனா டெஸ்டரால் மூன்று தடவை பார்த்த பிறகுதான் தொட வேண்டும்.

அடுத்த வாரம் உங்கள் பைகளை இங்கே கொண்டு வாருங்கள். டெஸ்ட் போன், மீட்டர், கையுறை எல்லாம். பெரியவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கையுறையில் காற்றை அடைத்துச் சுருட்டி, ஓட்டை இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று செய்து காட்டுவார். மீட்டர் திருகில் இருக்கும் எழுத்துகளைக் கரும்பலகையில் எழுதி நாம் வாசிப்போம்.